எறும்பு வராத வீடு

சந்தையில் கோணி விரித்து மிளகும் சீரகமும் விற்றவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அப்படிப்பட்டவன் மலைப்படிக்குப் போகிற வழியில் சொந்தமாக நாட்டு மருந்துக் கடை வைத்தேன். வெறும் பாறை, தண்ணி வராது என்று எல்லாரும் கைவிட்ட மனையில் போர் போட்டுத் தண்ணி எடுத்தேன். மேலே மாடி எடுத்தேன். ரெண்டு பெண்களையும் ரயிலேற்றி அனுப்பிக் காலேஜ் படிக்க வைத்தேன். இவனெல்லாம் எங்கே உருப்படப் போறான் என்று சொன்ன பங்காளிங்க இன்றைக்கு என் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள். இதெல்லாம் திருத்தணிக்கே தெரியும்.

தெரியாதது ஒன்று உண்டு. எறும்பு நுழையாத ஒரு வீட்டில் எறும்பை நடக்க வைத்தேன். அதனால் ஒரு பெண்குழந்தை பிழைத்தது.

எங்கள் பக்கம் சில வீடுகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெற்றவளின் பாலைக் கொஞ்சம் கிண்ணத்தில் பீய்ச்சுவார்கள். ஒரு எறும்பைப் பிடித்து அதில் விடுவார்கள். எறும்பு நீந்திக் கரையேறினால் நல்ல பால். செத்து மிதந்தால் கெட்ட பால், குழந்தை வாயில் வைக்கக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. மத்தியானம் கடையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பகுதி நர்ஸம்மா வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"கடைக்காரரே, படிக்கட்டுத் தெருவுல அந்த மாமியாரம்மா உங்ககிட்டதானே மருந்து வாங்குறாங்க?"

"ஆங். வாராவாரம் வருவாங்க."

"மருமகப் பாலு விஷம்னு நிறுத்திட்டாங்க. எறும்பு செத்துச்சாம். மாட்டுப்பால்ல தண்ணி கலந்து ஊத்துறாங்க, குழந்தைக்கு வயித்தால போவுது. எந்த எறும்பை எதுல போட்டாலும் மூழ்கிச் சாகும்மான்னு சொன்னா, நீ எத்தினி பெத்தேன்னு கேக்குறாங்க. ஆஸ்பத்திரிக்கும் தூக்க விடமாட்டேங்குறாங்க."

"நான் சொல்லிக் கேக்காத ஆளு இந்தத் தெருவுல இல்லம்மா" என்றேன்.

"பேச்சு அப்புறம். சட்டையைப் போடுங்க."

போகும்போதே நர்ஸம்மா சொன்னார். போன வருஷம் அந்த வீட்டில் முதல் குழந்தைக்கும் இதே கதைதானாம். எறும்பு செத்தது, பாலை நிறுத்தினார்கள், குழந்தையும் போய்விட்டது. அதற்கு முன்னால் ஒரே ஒரு வாய் அது தாய்ப்பால் குடித்திருந்ததாம். அந்த ஒரு வாய்தான் கொன்றது என்று மாமியாருக்கு முடிவு.

உள்ளே நுழைந்ததும் எனக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது. நான் எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு சத்தம் இருக்க வேண்டும். அங்கே இல்லை. தூளியில் குழந்தை கண்ணைத் திறந்து உத்திரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அழ வேண்டிய நேரத்தில் அழவில்லை. தரையில் பானகம் கொட்டிக் காய்ந்து பிசுபிசுவென்று கிடந்தது. சித்திரை வெயிலில் வெல்லத் தண்ணி கொட்டினால் மூச்சு விடுவதற்குள் எறும்பு மொய்க்கும். அங்கே ஒன்றுகூட இல்லை. சுவரில் இல்லை, வாசற்படியில் இல்லை.

நான் தரையைப் பார்ப்பதை மாமியார் பார்த்துவிட்டாள்.

"அவ பாலுக்குப் பயந்துகினு எறும்பே இந்த வீட்டு வாசப்படி மிதிக்கறதில்ல நைனா" என்றாள் மெதுவாக. "பக்கத்து வூட்டுச் செவுத்துலேர்ந்து தீப்பெட்டியில புடிச்சாந்துதான் பாத்தேன்."

மருமகள் உள் அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தூளியைத் தொடக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. மலைப்படி ஓரம் மொட்டை போடுகிற கொட்டாயிலிருந்து ஏதோ ஒரு குழந்தை கத்துகிற சத்தம் வந்தது. அவள் முதுகு விறைத்தது. ரவிக்கை நனைந்து பால் மடியில் சொட்டியது. யாரோ பெற்ற பிள்ளை அங்கே அழ, இவளுக்கு இங்கே பால் சுரக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் தன் பிள்ளை அழாமல் கிடக்கிறது.

"நீயே பாரு நைனா" என்று மாமியார் கிண்ணத்தை நீட்டி மருமகளிடம் கொஞ்சம் பால் வாங்கி வந்தாள். தீப்பெட்டியைத் திறந்தாள். இரண்டு விரலால் ஒரு எறும்பை எடுத்துப் பாலில் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றியது, காலை இழுத்துச் சுருண்டது, அப்படியே நின்றுவிட்டது. "பாத்தியா?" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை. அழுகைதான் இருந்தது.

அந்த நேரம் எனக்கு ஒரு வாசனை வந்தது. என் கடை வாசனை.

வசம்பு. பெண்கள் விளக்கு வைத்த பிறகு கடைக்கு வந்தால் அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள். பேர் சொல்லாதது கொடுங்க என்பார்கள். காத்துக் கருப்பு அண்டாமலிருக்க முதல் குழந்தைக்கே பூசியவள், அது போன பயத்தில் அந்த அம்மா இந்த முறை வசம்பைச் சுட்டு அரைத்து வாசற்படி, ஜன்னல், தூளிக் கயிறு, சுவர் என்று விடாமல் பூசியிருந்தாள். அவள் விரல் இரண்டும் கரியும் வசம்புமாகக் கறுத்திருந்தது. என் கடையில் வெல்ல மூட்டைக்குப் பக்கத்தில் நான் வசம்பு மூட்டையை வைப்பதே எறும்பு வரக் கூடாது என்றுதான். வசம்பு பட்ட விரலால் பிடித்தால் எறும்பு எந்தப் பாலிலும் நீந்தாது. நான் விற்கிற வசம்பில் கலப்படம் கிடையாது.

"அக்கா, குழந்தைக்கு ஊத்துற மாட்டுப்பாலு கொஞ்சம் கொண்டா. அதுல ஒரு எறும்பை வுடு."

விட்டாள். அதுவும் சுருண்டது.

"அப்போ மாடும் விஷமா?"

அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். நர்ஸம்மா, "நான் ஒண்ணு புடிச்சு வுடறேன்" என்று வந்தார்.

"நீ ஏதாவது மருந்து தடவிக்கினு வந்திருப்ப" என்றாள் மாமியார்.

என் கையும் கடைக் கை, உதவாது. வசம்பு படாத கை அந்த வீட்டில் ஒன்றுதான். எதையும் தொடக் கூடாது என்று ஒதுக்கி வைத்த கை. "அம்மாடி, நீ வா" என்று மருமகளைக் கூப்பிட்டேன்.

அவளைக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, வேறு கிண்ணத்தில் அவள் பாலையே எடுக்கச் சொன்னேன். தீப்பெட்டியிலிருந்து அவளே எறும்பை எடுத்தாள். எறும்பு பாலில் விழுந்தது, அமுங்கியது. அப்புறம் அது காலை உதறியது. ஓரத்துக்கு வந்து கிண்ணத்தின் விளிம்பில் ஏறியது. அங்கிருந்து அவள் விரலுக்கு, விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. அவள் தட்டிவிடவில்லை.

யாரையும் கேட்காமல் தூளியிலிருந்து குழந்தையை எடுத்தாள். அதற்கு உறிஞ்சத் தெம்பில்லை. நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து துளித்துளியாக வாயில் விழ வைத்தார். நான் வாசலுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. விழுங்குகிற சத்தம். அன்றைக்கே தாயையும் குழந்தையையும் நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

மாமியார் வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றாள். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருசமும் இந்தக் கைதானே நைனா?"

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

"வெளிய சொல்லாத" என்றாள்.

"சொல்ல மாட்டேன்க்கா."

சொல்லவில்லை. நர்ஸு மாத்திரை கொடுத்துப் பாலை மாத்திட்டாங்களாம் என்று என் கடையிலேயே நின்று பேசினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பொட்டலம் கட்டினேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த அம்மா அதற்கப்புறம் வலது கையை வெளியே காட்டவில்லை. முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பாள். கடையில் காசை இடது கையால் நீட்டுவாள், நானும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வேன். சாயங்காலமானால் வாசற்படியில் இடது கையால் சர்க்கரை போட்டுவிட்டு, எறும்பு வரிசையாக வருவதை இருட்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள். தெருவில் பிள்ளைகள் அந்த வீட்டைத் தாண்டும்போது ஓடுவார்கள்.

மருமகள் பிறகு அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். வருஷா வருஷம் தாய்ப்பால் வாரத்தில் கர்ப்பிணிகளைக் கூட்டி வைத்துப் பேசுவாள். சீம்பாலைக் கொட்டாதீங்க, சர்க்கரைத் தண்ணி வைக்காதீங்க, ஆறு மாசம் தாய்ப்பாலைத் தவிர வேற ஒண்ணும் வேணாம், எறும்பைக் கேட்டுப் பால் குடுக்காதீங்க என்பாள். அவள் பேச்சுக்குப் பிறகு எங்கள் தெருவில் கிண்ணத்தில் பால் பீய்ச்சுகிற வீடு இல்லை. கடைசியாக நடந்த கூட்டத்தில் நர்ஸம்மாவுக்குச் சால்வை போட்டு, "இந்த அக்கா இல்லன்னா என் பொண்ணு இல்ல" என்று மைக்கில் சொன்னாள். அந்தப் பொண்ணு எல்லாருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கும் கொடுத்தது. நான் கடைசி நாற்காலி.

நர்ஸம்மாவுக்குச் சால்வை தகும். வெயிலில் நடந்து வந்தவர் அவர். என்னைக் கூட்டிப் போனவரும் அவர்தான். ஆனால் அந்த வாசனையைப் பிடித்தது யார்?

அந்த மாமியாரம்மா போன வருஷம் காலமாகிவிட்டாள். நான் கொடுத்த வாக்கும் அவளோடு போயிற்று. அம்மாடி, அடுத்த கூட்டத்தில் நீ மைக்கைப் பிடிக்கும்போது, அந்தக் கை யாருடையது என்று சொல்ல வேண்டாம். அந்த மூக்கு யாருடையது என்று சொல்லியே ஆக வேண்டும். முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.