பாக்ஸே இல்லாத பாக்ஸ்

யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை நான். மில்லில் தறி ஓட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான். விருப்ப ஓய்வு என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, அந்தக் காகிதத்தை நான்கு பேரிடம் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதனாலேயே, நால்வரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

டவுனை ஒட்டிய மூலக்குளத்தில் வீடு கட்டியது அதற்குப் பிறகு. இரண்டாயிரம் பிறந்து நான்கைந்து வருஷம் ஆகியிருக்கும். கிடைத்த மனை ரயில் பெட்டி மாதிரி நீளம். அதனால் ஹாலும் நீளம்; அகலம் ஒன்பது அடிதான். இடது பக்கம் வெறும் சுவர், வலது பக்கம் மாடிப்படி, பின்னால் கதவு வைக்காத சமையலறை, தரையில் வழவழவென்று டைல்ஸ். அந்த ஹாலில் ஒருவர் தும்மினால் தும்மல் மாடி வரை போய்விட்டுத் திரும்பி வரும்.

வேலையில்லாத மனுஷனுக்குப் பாட்டுதான் துணை. ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வைத்தேன். பாடுகிறவர் வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டு பாடுவது போல இருந்தது. கடலூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்தபோது குறை சொன்னேன். அவள் கொஞ்சம் கேட்டுவிட்டு, "பாட்டு தெளிவாத்தான்பா கேக்குது. நீங்க ஒரு தடவ டாக்டர்கிட்ட காத காட்டிட்டு வாங்களேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என் காதுக்கு ஒரு கேடும் இல்ல. இந்த ஹாலுதான் சரியில்ல. நல்ல ஸ்பீக்கரா வரட்டும், அதுலயும் கேக்கலன்னா நானே வந்து காத காட்டறேன்" என்று கத்தினேன். என் மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை.

கத்தினேனே தவிர, உள்ளுக்குள் பயம் இருந்தது. என்னோடு தறி ஓட்டிய ஒருவருக்கு ஓய்வுக்குப் பிறகு காது சுத்தமாகப் போய்விட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு என் மூஞ்சிக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

அப்போதுதான் முசேவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவருடைய அப்பா அவர்கள் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். மகன் பாரீஸில் ஏதோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, டவுனில் அப்பா வீட்டில் உட்கார்ந்து ஸ்பீக்கர் கிட் விற்றுக்கொண்டிருந்தார். கிட் என்றால் உதிரி உதிரியாகச் சாமான்களும் ஒரு வரைபடமும். மரவேலை நம் பொறுப்பு. பிரெஞ்சில் ஐயா என்பது போல, தெருவில் எல்லாரும் முசே என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுச் சம்பளம் வாங்கியவனுக்கு இங்கே எதற்கு வியாபாரம் என்று யோசித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பலகைகள் நின்றன. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு சின்னது, கீழே இரண்டு பெரியது என்று ஸ்பீக்கர்கள் மாட்டியிருந்தன.

"பாக்ஸ் எங்க?" என்றேன்.

"பாக்ஸ் கிடையாது அண்ணே. இதுதான் பாக்ஸ்."

பலகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கரின் முதுகு அம்மணமாகத் தெரிந்தது. சரி, காதில் பூச்சுற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். நம் ஊரில் ஸ்பீக்கருக்குப் பேரே பாக்ஸ்தான். பாக்ஸே இல்லாத பாக்ஸை விற்க ஒருவன் பாரீஸ் வரை போய்விட்டு வந்திருக்கிறான்.

என் ஹாலின் நீள அகலத்தைக் கேட்டுக்கொண்டு அவர் பொறுமையாக விளக்கினார். பெட்டிக்குள் அடைக்காத ஸ்பீக்கரின் சத்தம் முன்னால் போகும், பின்னால் போகும், பக்கவாட்டில் அதிகம் போகாது. "உங்க ஹாலு ஒல்லி. பாக்ஸ் வச்சா சத்தம் ரெண்டு பக்கத்துச் செவுத்துலயும் மோதிக் கொழம்பும். இது மோதாது. பின்செவுத்துலேருந்து மூணடி தள்ளி வச்சாப் போதும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

நினைத்தபடியே அடுத்த கொக்கி வந்தது. முதுகு திறந்திருப்பதால் முன்சத்தமும் பின்சத்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, அடிச்சுருதி மெலிந்துபோகுமாம். அதற்குத் தனியாக, கனத்த அடிச்சத்தத்தை மட்டும் போடுகிற சப்வூஃபர் வேண்டுமாம். அதுவும் இரண்டு. ஒன்று முன்மூலையில், இன்னொன்று எதிர்ப்பக்கம்.

"சப்வூஃபருக்கு பாக்ஸ் உண்டா?"

"அதுக்கு உண்டு அண்ணே."

"மொதல்ல பாக்ஸ் வேணாம்னீங்க. இப்ப ரெண்டு பாக்ஸ் வாங்குன்றீங்க."

முசே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பலகைகளில் ஓடிய பாட்டு என்னை விடவில்லை. அவர் வீட்டில் பாடியவரின் வாயில் துண்டு கொஞ்சம் விலகியிருந்தது. கிட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெருக்கோடியில் இருந்த ஆசாரியிடம் வரைபடத்தைக் கொடுத்து, "ஸ்பீக்கர் பாக்ஸ் செய்யணும்" என்றேன். என் வாயிலும் அந்த வார்த்தைதான் வந்தது. நான்கு நாள் கழித்துப் போனால், அந்த மனுஷன் பலகைக்குப் பக்கமும் முதுகும் வைத்து, ஆணியடித்து, பாலிஷ் போட்டு, ஆளுயரத்துக்கு இரண்டு பீரோவை நிறுத்தியிருந்தார். "படத்துல முதுகு போடாம விட்டுட்டாங்க அண்ணே. நானே போட்டுட்டேன்" என்று பெருமை வேறு. மரக்கடைக்காரனோடு சேர்ந்துகொண்டு பலகை செலவு வைக்கிறாரோ என்று ஒரு மூச்சு சண்டை போட்டேன். அவர் கோபித்துக்கொண்டு என் கண்ணெதிரிலேயே முதுகைப் பெயர்த்துப் போட்டார். பாக்ஸ் என்று சொன்னது நான்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் எனக்கு அப்போது இல்லை.

எல்லாம் தயாரானதும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முசேவே வந்தார். சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு வழி சொன்னார். நாம் உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரை உட்கார வைத்துவிட்டு, நாம் தரையில் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். எந்த இடத்தில் அடிச்சுருதி திடமாகவும் சீராகவும் கேட்கிறதோ அந்த இடம்தான் சப்வூஃபருக்கு. ஐம்பது தாண்டிய ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டைல்ஸில் தவழ்ந்தேன். மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

படிக்குக் கீழே ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்க" என்றேன். முசேவும் தவழ்ந்து வந்து கேட்டார். "சரியாச் சொன்னீங்க அண்ணே. எனக்கே அரையடி தள்ளித்தான் பட்டுது." இரண்டாவது இடத்தையும் நானே கண்டுபிடித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. காது கெட்டவனால் இது முடியுமா? அன்று ராத்திரியே மகளுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

காபி கொடுக்க மனைவி முசேவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். இருவரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் ஏதோ கிசுகிசுத்தாள், அவர் தலையாட்டினார். எனக்குத் திக்கென்றது. "அங்க என்னா ரகசியம்?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்து, "சக்கர எவ்ளோன்னு கேட்டேன்" என்றாள். சர்க்கரைக்கு எதற்கு இவ்வளவு கிசுகிசுப்பு என்று மனசு குடைந்தது.

பிறகு பலகையின் உச்சியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரைச் சோதிக்க முசே ஒரு சிடியைப் போட்டார். பாட்டு இல்லை, ஒரே ஒரு சத்தம். அடியில் உறுமலாக ஆரம்பித்து, ஏறி ஏறி, விசிலாகி, மேலே போனது. போய் நின்றுவிட்டது.

"நின்னு போச்சு. ஒயர் கழண்டுக்கிச்சா பாருங்க" என்றேன்.

முசே என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி நின்றிருந்தாள். சத்தமே இல்லாத ஹாலில் எதற்குக் காதைப் பொத்த வேண்டும்?

"ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு நாடகம் போடறீங்களா? எம் பொண்ணு சொல்லிக் குடுத்தாளா?" குரல் எழும்பிவிட்டது. எழுந்து போய் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தேன். ஒன்றுமில்லை. அடுத்த பலகைக்குப் போனேன். அங்கேயும் ஒன்றுமில்லை. ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

அப்போது எங்கள் இரும்பு கேட்டின் மேல் எதிர்வீட்டுப் பெண்ணின் தலை தெரிந்தது. இடுப்பில் குழந்தை, அழுதுகொண்டிருந்தது. "என்னாங்க அது விசிலு, காதக் கொடையுது. இப்பத்தான் தூங்க வச்சேன், எழுந்துக்கிச்சு" என்றாள்.

அவளுக்கும் சொல்லி வைத்திருப்பார்களோ என்று ஒரு நொடி நினைத்தேன். அந்தக் குழந்தைக்குமா சொல்லி வைத்திருப்பார்கள்? அந்த இடத்தில் என் சந்தேகம் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். அடிச்சத்தத்தைத் தவழ்ந்து பிடித்த என் காதுக்கு உச்சிச் சத்தம் மட்டும் எட்டவே இல்லை.

முசே சிடியை நிறுத்தினார். "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குது அண்ணே. ஹாலும் பரவால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மீதிக் காபியைக் கூடக் குடிக்கவில்லை.

தறிக்கூடத்தில் யாரும் யாரையும் காதால் கேட்பதில்லை. அத்தனை தறி ஓடுகிற இரைச்சலில் எதிராளியின் உதடு அசைவதைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். இருபத்துச் சொச்சம் வருஷப் பழக்கம். வெளியே வந்த பிறகும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. உதடு தெரிந்தால் பேச்சு. முதுகு தெரிந்தால் கிசுகிசு. எத்தனை பேர் மேல் எத்தனை சந்தேகம். பஸ்ஸில், ரேஷன் கடையில், மகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் மேல்கூட. உடம்பு கூசியது எனக்கு.

மனைவி வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள். என் முகத்துக்கு நேராக, அண்ணாந்து. எப்போதும் அப்படித்தான் உட்கார்ந்து பேசுவாள். பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"பொண்ணு ஸ்கூல் படிக்கறப்பவே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப சொன்ன? பொய் சொல்லாத."

அவள் தலை குனிந்தாள். உடனே, குனிந்தால் எனக்குக் கேட்காது என்று ஞாபகம் வந்தவள் போல நிமிர்ந்தாள். "மூஞ்சிக்கு நேரா சொன்னா கத்துவீங்க. அதனால நீங்க பேப்பர் படிக்கறப்ப, சாப்புடறப்ப, பின்னாடி நின்னுக்கிட்டு சொல்லுவேன். காது கேக்கல உங்களுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னு. நீங்க திரும்பவே மாட்டீங்க."

"வேற என்னல்லாம் சொன்ன?"

"மனசுல இருக்கறதெல்லாம் அங்க நின்னுதான் சொல்லுவேன். இத்தன வருஷமா. திட்டுவேன், அழுவேன். அதெல்லாம் எதுக்கு இப்ப?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு இறங்கி, அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"மொதல்லேருந்து சொல்லு" என்றேன்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, நான் கத்த மாட்டேன் என்று நம்பினாளோ என்னவோ, ஆரம்பித்தாள்.