பத்திரிகைக் கவர்

கோர்ட் அமீனா என்றால் முறுக்கு மீசையும் அதட்டலும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மரக்காணத்தில் எங்கள் உப்புக் கம்பெனிக்கு வந்தவர் ஒல்லியான மனிதர். உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். எடை மேடையருகே பத்துப் பேர் நின்றிருந்தோம். என் பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டு, பையிலிருந்து கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வூட்ல விசேஷம் சார். அவசியம் வந்துடணும்," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அப்புறம் மெதுவாக, "ஆபீஸ் உள்ள வந்து கையெழுத்து போட்டுடுங்க."

உள்ளே இருந்தது சம்பள ஜப்தி உத்தரவு. மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனுக்காக மாதாமாதம் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். மேனேஜருக்கும் ஒரு நகல் கொடுத்தார்.

நான் திவால் மனு போட்டேன். மூன்று மாதம் கழித்து, உப்புக் குவியலின் நிழலில் வண்டியை நிறுத்தி அந்த அமீனா எதையோ குழைத்துக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். சின்ன டப்பாவிலிருந்து மஞ்சளைத் தொட்டு, இன்னொரு கவரின் நாலு மூலையிலும் தடவிக்கொண்டிருந்தார்.

"பிடித்தத்த நிறுத்தி வெக்கச் சொல்லி ஆர்டர் வந்துடுச்சு சார்!"

"போன தடவ மஞ்ச வெக்கலியே?"

"அந்த சேதிக்கு எப்படிங்க வெப்பேன்?"

இரண்டு கவரையும் வைத்திருக்கிறேன். தினமும் யார் வீட்டுக்கோ ஜப்தி கொண்டுபோகிறவர், அந்த டப்பாவையும் கூடவே சுமந்து அலைகிறார். வருஷத்தில் எத்தனை தடவை அதைத் திறந்திருப்பார்?