அத்தானின் காலை விரதம்

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முகம் அல்ல, ஆட்காட்டி விரல். மொன்ட்ரியால்-நோரில் அக்கா வீட்டுச் சமையலறை, ஜன்னலோரக் கதிரை, வேலைக்குப் போகும் உடுப்பில் அத்தான். மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும். யாராவது ஏதும் கேட்டால் வாயைத் திறக்காமல் விரலை மட்டும் உயர்த்துவார். பொறு என்று அர்த்தம். கொஞ்ச நேரம் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஓம், இப்ப சொல்லு" என்பார். வீடு தீப்பிடித்தாலும் அந்த நேரத்தில் மனுசன் வாய் திறக்க மாட்டார் என்று நான் பகிடி விடுவேன். அதற்கும் விரல்தான் பதில்.

அக்கா அதை மௌன விரதம் என்று நினைத்தாள். அவளாகவே அப்படி முடிவு செய்துகொண்டாள். அத்தான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அப்பா விரதம், சத்தம் போடாதேங்கோ" என்று பிள்ளைகளை அடக்குவாள். அவர்கள் பிரெஞ்சில் ஏதோ குசுகுசுத்துச் சிரிப்பார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மாமிக்குத் தொலைபேசியில் பெருமையாகச் சொல்வாள்: "முந்தின மாதிரி இல்லை மாமி. நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சதில இருந்து அவற்ற முகமே தெளிஞ்சு போச்சு."

முகம் தெளிந்தது உண்மைதான். அதற்கு முன் நாங்கள் பார்த்தது வேறொரு அத்தானை. சாமான் ஏற்றி இறக்கும் வெயர்ஹவுசில் முதுகைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், அதன் பின் சாப்பாட்டு மேசையிலேயே கண் செருகித் தூங்கினார். குளிரிலும் வேர்த்தார். பிள்ளைகள் பென்சிலைக் கீழே போட்டாலும் எரிந்து விழுந்தார். வேலைக் களைப்பு என்று அக்கா சொன்னாள், நாங்களும் நம்பினோம். அக்காவின் நேர்த்திக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆள் திரும்பி வந்தார். சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்குப் போய் முருங்கைக்காய் தேடுகிற பழைய அத்தான். கடவுள் கண் திறந்தார் என்றுதான் நானும் நினைத்தேன்.

என்ன நடந்தது என்பது அத்தானின் செத்தவீட்டில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அவரோடு வேலை செய்த ஹெயிட்டிக்காரர் ஒருவர், பெரிய உடம்புக்காரர், என்னை வெளியே கூட்டிப்போய், அழுதுகொண்டே பிரெஞ்சில் சொன்னார். விழுந்தபோது முதுகு வலிக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த நோக்குளிசை அத்தானைப் பிடித்துக்கொண்டுவிட்டது. டொக்டர் நிறுத்திய பிறகு தெருவில் வாங்கியிருக்கிறார். அந்தப் பழக்கத்திலிருந்து மீளக் கொடுக்கும் மருந்து ஒன்று உண்டு. நாக்குக்குக் கீழே வைத்துக் கரைய விட வேண்டும், கரையும்வரை கதைக்கக் கூடாது, விழுங்கக் கூடாது. ஹெயிட்டிக்காரரும் ஒருகாலம் இதே குழியில் கிடந்தவர். தனக்கு டொக்டர் தரும் மருந்தில் ஒரு பங்கை அத்தானுக்குக் கொடுத்துவந்தார். டொக்டர் சீட்டில்லாமல் அதை வைத்திருப்பது இங்கே குற்றம். அதுதான் விரதம்.

நீயும் டொக்டரிடம் போ என்று இவர் மன்றாடியிருக்கிறார். பார்மசியில் எங்கள் ஆட்கள் வேலை செய்கிறார்கள், கதை வெளியில் போகும் என்று அத்தான் மறுத்தாராம். அதைவிடப் பெரிய பயம் சிற்றிசன், கனடாக் குடியுரிமை. விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த காலம் அது. பைலில் இது ஏறினால் எல்லாம் முடிந்தது, கிடைத்த பிறகு போகிறேன் என்றாராம். ஒருநாள் இருவரும் காரில் வரும்போது பொலிஸ் மறித்திருக்கிறது. பின்விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். விளக்கை மாத்து என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அத்தானின் சட்டைப்பைக்குள் கை வைக்கவே இல்லை. ஆனால் அத்தான் கொஞ்சத் தூரம் போனதும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, கடதாசியில் சுற்றி வைத்திருந்த குளிசைகளைப் பனிக்குள் எறிந்துவிட்டார். அதன்பின் எவ்வளவு சொல்லியும் அந்த மருந்துக்குக் கை நீட்டவில்லை. உடம்பு கேட்டது. பழைய தெருவுக்கே போனார். பழக்கம் விட்டிருந்த உடம்பு, தெருவில் விற்கும் தூளோ முந்தியதைவிடப் பொல்லாதது. வெயர்ஹவுஸ் தரிப்பிடத்தில், காருக்குள்ளேயே போய்விட்டார்.

யாரும் பிடிக்கவில்லை, யாரும் வழக்குப் போடவில்லை. பயம் ஒன்றே போதுமாயிருந்தது.

நான் லொறி ஓட்டுகிறவன். கிழமைதோறும் எல்லை கடந்து அமெரிக்காவின் வெர்மான்டுக்குப் போவேன். போன மாதம் அங்கே சாமான் இறக்கும் இடத்தில், கடதாசியில் கையெழுத்துக் கேட்டேன். அங்கே நின்ற ஒரு பெடியன் வாயை மூடியபடி விரலை உயர்த்தினான். நான் பேனையை நீட்டியபடியே நின்றேன். அவனுடைய சூப்பவைசர் பக்கத்திலேயே நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் பொறுத்துப் பெடியன், "மன்னிக்கோணும், மருந்து" என்றான் ஆங்கிலத்தில். "டொக்டரிட்டப் போக இன்னும் நாள் கிடக்கு. அதுவரைக்கும் கூட்டாளி தாறான்." அந்த மருந்தைச் சீட்டில்லாமல் தனக்கென்று கொஞ்சம் வைத்திருப்பதை அந்த மாநிலம் குற்றமில்லை என்று ஆக்கிவிட்டது என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இங்கே கனடாவிலும் இப்போது பொலிஸ் வழக்குப் போடாமல் எச்சரித்து விடலாமாம். விடலாம் என்பதும் குற்றமில்லை என்பதும் ஒன்றல்ல. அத்தானைக் கேட்டால் சொல்லியிருப்பார்.

சட்டம் மாறினால் ஆள் பிழைத்துவிடும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கோயிலில் இதைச் சொன்னபோது ஒருவர், "எல்லாத்தையும் அவிட்டு விட்டா நாடு உருப்பட்ட மாதிரித்தான்" என்றார். அவர் வீட்டில் இப்படி ஒரு சாவு விழவில்லை. விழவும் வேண்டாம்.

அன்று திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். ஜன்னலோரக் கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். தேத்தண்ணிக் கோப்பையை இரு கையாலும் பிடித்தபடி கேட்டாள்.

"சீட்டில்லாமலோ?"

"ஓம் அக்கா."

"எல்லாருக்கும் முன்னாலயோ?"

"ஓம். சூப்பவைசர் பக்கத்திலதான் நிண்டவன்."

அவள் வெளியே பார்த்தாள். "அப்ப, அவர் அங்க இருந்திருந்தா என்னட்டயாவது சொல்லியிருப்பார்" என்றாள். "நான் விரதமெண்டெல்லோ பிள்ளையளை அடக்கினனான்."

ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்க்காமலே விரலை உயர்த்தினாள். நான் பொறுத்திருந்தேன்.