அப்பாவிடம் கேட்க வேண்டாம் என்றவர்

லண்டன் அப்டன் பார்க்கில் சனிக்கிழமை ரியூசன் நடத்திய மாஸ்டர், பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றிப் போட்டிருக்கும் சேட்டின் நுனியில் துடைப்பார். அவரிடம் படித்துக்கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஸ்கொட்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போவதாக அவரிடம் சொன்னேன்.

“அங்கை ஃபீஸ், ஹொஸ்டல் எண்டு கனக்கச் செலவு. அப்பாவுக்கு ஏலாது பிள்ளை. கேட்டு மனுசனை நோகப்பண்ணாதை.”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் அப்பாவிடம் கேட்கவில்லை. லண்டனுக்குள்ளேயே விண்ணப்பித்தேன்.

இடம் கிடைத்த அன்று அப்பா கேட்டார்: “ஏன் பிள்ளை ஸ்கொட்லாந்துக்கு அப்ளை பண்ணேல்லை? மாஸ்டர் வந்து கேட்டவர், செலவை நான் பாக்கிறன் எண்டு அவரிட்டை அப்பவே சொன்னனானே.”

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் வழக்கம்போல் கணக்கு வகுப்பை என்னிடம் விட்டார்.

“நீ போயிருந்தால் இதுகளை ஆர் பாக்கிறது?”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று அந்தக் கண்கள் யாருக்காகக் கலங்கின என்று இன்றும் எனக்குத் தெரியாது.