பாத்ரூம் வக்கீல்

“கொஞ்சம் கை கழுவிக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வக்கீலம்மா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறார். குழாயைத் திறந்துவிடுவதோடு சரி, கை நனைவதில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தத்தின் மறைவில் அவருடைய வேலை நடக்கிறது. சோப்பைத் தொட்டுப் பார்ப்பார். துண்டை முகர்ந்து பார்ப்பார். பல் துலக்கும் பிரஷ்களின் மேல் கட்டைவிரலை ஓட்டி, எது ஈரம், எது காய்ந்தது என்று பார்ப்பார். வீட்டை விற்கிறவர் ஹாலில் உட்கார்ந்து, பாவம், இந்த அம்மாவுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

வங்கியில் இவருக்கு முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘பாத்ரூம் வக்கீல்’. அது அவருக்கும் தெரியும். “அவங்களும் ஒருநாள் வீடு வாங்குவாங்கல்ல. அந்த வீட்டு பாத்ரூமையும் நான்தானே பாக்கப்போறேன்” என்று சிரிப்பார்.

வீட்டுக்கடன் கேட்டு யார் வந்தாலும், வங்கி பத்திரங்களைத் தன் பேனலில் உள்ள ஒரு வக்கீலுக்கு அனுப்பும். பேனல் என்பது அந்த வங்கி நம்புகிற வக்கீல்களின் பட்டியல். அவர்களில் ஒருவர் ‘சொத்தில் வில்லங்கம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால்தான் கடன் கிடைக்கும். மற்றவர்கள் நாற்காலியை விட்டு எழாமலே எழுதிவிடுகிறார்கள். வங்கி கேட்பதும் அவ்வளவுதான். இவர் மட்டும் நேரில் போய்ப் பார்க்காமல் பேனா மூடியைக் கழற்ற மாட்டார். “பேப்பர்ல இருக்கிறவங்க வீட்ல இருக்காங்களான்னு பாக்கிறது சுலபம். வீட்ல இருக்கிறவங்க பேப்பர்ல இருக்காங்களான்னு பாக்கணுமே, அதுதான் தலைவலி” என்பார்.

வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு கையில் பிஸ்கெட், மறு கையில் பத்திரம். கடைசிப் பத்திரத்தில் தொடங்கி மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் படித்துக்கொண்டே போவார். வழியில் எதிர்ப்படுகிற பழைய சொந்தக்காரர்கள் எல்லாம் எப்போதோ மண்ணோடு மண்ணாகிப் போனவர்கள். ஆனால் இவர் பேச்சில் அவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறவர்கள். “இந்தப் பெரியவர் ரெண்டாவது பையனுக்கு மட்டும் கொடுக்கவே மாட்டேங்கிறார் பாருங்க” என்று வருத்தப்படுவார். பக்கத்து மேசையில் அவருக்காகத் தட்டச்சு செய்கிற கணவர், “இந்த வீட்ல உயிரோட இருக்கிறவன் நான் ஒருத்தன். என்கிட்டதான் பேச்சு இல்லை” என்பார்.

போன மாதம் ஒரு மாடி வீட்டுப் பத்திரம் வந்தது. விற்பவர் துணிக்கடை வைத்திருப்பவர். வாங்குபவர்கள் கல்யாணமாகி அதிக நாளாகாத ஒரு தம்பதி. அந்தப் பெண் மாசமாக இருந்தாள். விற்பவருடைய அப்பாவின் சொத்து, மகளுக்கும் மகனுக்கும் வந்திருக்கிறது. மகள் கல்யாணமாகாமலே இறந்துவிட, முழுவதும் மகனுக்கு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, முத்திரை, கையெழுத்து எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன.

“அப்பா போன கையோட அக்காவும் போயிட்டாங்க மேடம். அப்புறம் இங்க இருக்கவே மனசு வரலை. பூட்டித்தான் போட்டிருக்கேன்” என்றார் துணிக்கடைக்காரர். நல்ல மத்தியான வெயிலில், கீழே எல்லா அறைகளும் காலியாகக் கிடந்தன. ஆனால் பூட்டிக் கிடக்கிற வீட்டின் மக்கிய வாடை அங்கே இல்லை. மாடிக் குளியலறையில் சோப்பு வழுக்கியது. அதில் நீளமாக ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. துண்டின் நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

வெளியே வந்தவர், கடைசி அறைக்கு எதிரே நின்றார்.

“அது சாமான் ரூம் மேடம். சாவி தொலைஞ்சு போச்சு.”

அந்தக் கதவின் வெளிப்பக்கம் பூட்டே இல்லை. “கரண்ட் மீட்டர் நம்பர் வேணுமே. கொஞ்சம் எழுதிட்டு வாங்களேன்” என்று வக்கீலம்மா அவரைக் கீழே அனுப்பினார். படிகளில் காலடி ஓய்ந்ததும் கதவை மெல்லத் தட்டினார். பதில் அவருடைய முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. யாரோ கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“வீடு வாங்க வந்தவங்களா?”

“பேங்க்லேர்ந்து வந்திருக்கேன். நீங்க யாரும்மா?”

“தம்பி சொல்லலையா? விலை பேசும்போதே என்னையும் சேர்த்துப் பேசிட்டேன்னானே. சத்தம் காட்டாம இருந்தா இந்த ரூம்லயே இருந்துக்கலாமாம். நான் நல்லா பழகிட்டேங்க. இருமல் வந்தா தலையணையில முகத்தை வெச்சுக்குவேன். அந்தப் பொண்ணு மாசமா இருக்கால்ல, கதவு இடுக்குல பாத்தேன். குழந்தை தூக்கம் என்னால கலையாதுன்னு சொல்லிடுங்க.”

வக்கீலம்மா அப்பாவின் பெயரைக் கேட்டார். குரல் சொன்னது. பத்திரத்தில் இருக்கிற அதே பெயர். அம்மா பெயர், பிறந்த வருடம், எல்லாம் இறப்புச் சான்றில் இருந்தபடியே வந்தன. இவர் செத்தவர்களோடு தினமும் பேசுகிறவர்தான். இதுவரை யாரும் பதில் பேசியதில்லை.

“கதவைத் திறங்கம்மா.”

“ஐயோ, வேண்டாங்க. தம்பி திட்டுவான்.”

படியில் காலடி கேட்டது. உள்ளே மூச்சும் நின்றுபோனது. யாருமே இல்லாத அறை என்றுதான் எவரும் சத்தியம் செய்வார்கள்.

அன்று மாலை கணவரைத் தட்டச்சு செய்யச் சொன்னது இரண்டே வரி. ‘பத்திரங்கள் எல்லாம் சரியாக உள்ளன. இறந்தவர் வீட்டில் இருக்கிறார்.’

மறுநாள் மேலாளரின் ஃபோன். “மேடம், பேய் இருக்குன்னு எழுதி அனுப்பியிருக்கீங்களா? ஸ்டாஃப் எல்லாம் சிரிக்கிறாங்க.”

“பேய் குளிக்காது சார். அங்க சோப்பு ஈரமா இருக்கு. நானே பேசிட்டு வந்தேன். ஒரு ஆளை அனுப்பிப் பாருங்க.”

“விற்கிறவரைக் கேட்டாச்சு. வேலைக்காரம்மாங்கிறார். பேப்பர் கிளீனா இருக்கு. உங்களுக்குப் பேப்பர்தான் வேலை, பாத்ரூம் இல்லை. இதை மாத்தி எழுதிக் கொடுங்க. இந்த மாசம் பேனலை வேற புதுப்பிக்கிறோம், பாத்துக்கோங்க.”

இவர் மாற்றவில்லை. பேனலில் இருந்த வேறொரு வக்கீல் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். வீடு வாங்குகிற பையனுக்கு ஃபோன் செய்து சொன்னபோது, “பேங்கே ஓகே சொல்லிடுச்சு மேடம். மாசமா இருக்கிற பொண்ணு, பயமுறுத்தாதீங்க. திங்கட்கிழமை பதிவு” என்று வைத்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பேனலிலிருந்து எடுத்துவிட்டால் யாரும் கடிதம் போட மாட்டார்கள். புதுக் கோப்பு வருவது நின்றுவிடும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் வங்கியின் கணினிப் பக்கத்தில் தன் பெயரை அடித்துப் பார்த்தார். ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று வந்தது. பல வருடப் பிழைப்பு. திரும்பவும் அடித்துப் பார்த்தார்.

“போயிடுச்சா?” என்றார் கணவர்.

“போயிடுச்சுங்க. இனிமே என்னை யாரும் தடுக்க முடியாது. பேனல்ல இருந்தா பேங்க்குக்கு எதிரா ஆஜராகக் கூடாது. இப்போ ஆகலாம்.”

“போலீஸுக்குப் போயிடேம்மா.”

“போலீஸ் வந்தா அவன் இறப்புச் சான்றைக் காட்டுவான். இந்தம்மா மூச்சு விடாம உள்ள உட்காந்திருப்பாங்க. முதல்ல அவங்க என் கட்சிக்காரங்க ஆகணும். இன்னிக்கே கோர்ட்ல பதிவுக்குத் தடை வாங்கிடலாம். ஆனா அவங்க கையெழுத்து வேணும்.”

துணிக்கடை திறந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போனார். முன்வாசலில் பெரிய பூட்டு. பின்பக்கம் சமையலறைக் கதவு, உள்தாழ் போட்டிருந்தது. தட்டினார். உள்ளே மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த காலடி சட்டென்று நின்றது. வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

“நான்தாம்மா. அன்னிக்குக் கதவைத் தட்டினவ. இப்போ பேங்க் ஆள் இல்லை. அவங்க உங்களைச் சேர்த்து வாங்கலைம்மா. நீங்க செத்துட்டதா எழுதி வாங்கறாங்க. இது வக்காலத்து, உங்களுக்காக நான் கோர்ட்ல பேசறதுக்கு. இதுல உங்க பேரை நீங்களே எழுதுங்க. மத்தது என் பொறுப்பு.”

மூட்டு வலியோடு படியில் உட்கார்ந்து, பேனாவை முதலில் கதவிடுக்கில் உருட்டிவிட்டார். பிறகு காகிதத்தை நுழைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெயில் நகர்ந்து கதவுக்கு வந்தது. விரல் அப்படியே இருந்தது. வெகுநேரம் கழித்துக் காகிதம் லேசாக அசைந்தது. காற்றாக இருக்கலாம் என்று விரலை எடுக்கவில்லை. மறுபடியும் அசைந்தது. அப்போதும் எடுக்கவில்லை. அடுத்து உள்ளேயிருந்து ஒரு இழுப்பு வந்தது, கோபமாக, ஆள் பலத்தோடு.

வக்கீலம்மா விரலை எடுத்தார்.