பிரவுனியின் இடது காது

எங்கள் சொந்தத்துக்குள் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று தெரியாது. "நாயைச் சரியாக் கட்டாம அத்தைக்கு வந்த சம்பந்தத்தைக் கெடுத்துச்சே, அந்தப் புள்ளதானுங்க" என்றால் உடனே தெரியும். பந்தியில் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே சாம்பார் வாளி வரும் பக்கம் திரும்பிக்கொள்வேன். எட்டு வயதில் அப்படிச் சிரிக்க எனக்குத் தெரியவில்லை.

சரவணம்பட்டியில் எங்கள் வீட்டைச் சுற்றி அப்போதுதான் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு கம்பெனியில் அத்தை வேலை பார்த்தாள். அப்பாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பிரவுனி எங்கள் நாய். அப்பாவின் நண்பர் அடுக்குமாடிக்குக் குடிபோனபோது எங்களிடம் விட்டுப்போன லாப்ரடார். தொங்கும் காது, பெரிய உடம்பு, தண்ணீர்த் தொட்டியைக் கண்டால் உள்ளே குதித்துவிட்டுத்தான் மறுவேலை. நனைந்த காதைத் துடைத்துவிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?

ஒரு கோடையில் அதன் இடது காது நாறத் தொடங்கியது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடந்தது. பின்னங்காலால் பறாண்டிப் பறாண்டி முனகியது. எங்களுக்குக் காது வலித்தால் செய்கிற வைத்தியத்தையே அம்மா அதற்கும் செய்தாள். தேங்காயெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ஊற்றினாள். பிரவுனி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். நாற்றம் இன்னும் கூடியது. வீட்டுக்கு விளையாட வந்த என் தோழிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மானமே போயிற்று.

கடைசியில் அத்தைதான் ஆட்டோ பிடித்தாள், நானும் போனேன். கால்நடை டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"எண்ணெய ஊத்துனது ஆருங்க? உள்ள பூஞ்சை புடிச்சுக் கெடக்குது, அதுக்குப் போயி விருந்து வெச்சிருக்கீங்க."

தினமும் காலையிலும் மாலையிலும் காதைப் பஞ்சால் துடைத்து, சொட்டு மருந்து விட்டு, காதின் அடியை மெல்லப் பிசைந்துவிட வேண்டும் என்றார். "கைய எடுத்ததும் தலைய உதறும். பக்கத்துல நிக்காதீங்க, மேலெல்லாம் தெறிக்கும்."

தலையைப் பிடித்துக்கொள்வது என் வேலை, மருந்து விடுவது அத்தையின் வேலை. விட்டதும் இருவரும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஓடி ஒளிவோம். பிரவுனி உதறுகிற உதறலில் இரண்டு காதும் படபடவென்று அடிக்கும், கருப்புத் தண்ணீர் சுவரெல்லாம் தெறிக்கும். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் தாராபுரத்துச் சம்பந்தம் வந்தது. தோட்டம், மில், ஒரே பையன். பெண் வேலையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்றார்கள். "எனக்கு வேண்டாங்ணா" என்று அத்தை அப்பாவிடம் பலமுறை சொன்னாள். "உனக்கென்ன தெரியும் அம்மணி, நல்ல எடம்" என்று அப்பா அன்பாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லாமே அன்பாகத்தான் நடக்கும்.

தரகர் ஒன்றே ஒன்று சொல்லி எச்சரித்தார். "பையனோட அம்மா சகுனம் பார்க்காம ஒரு அடி எடுத்து வெக்க மாட்டாங்க. போன தடவ ஒரு ஊட்டு வாசல்ல பூனை குறுக்க வந்துபோட்டதுன்னு அப்படியே காரைத் திருப்பீட்டாங்க." காப்பி கொண்டுவந்த அத்தை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டாள்.

அம்மாவுக்கு உடனே நாயின் ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே நுழைகிறபோது நாய் காதை அடித்தால் காரியம் ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர்கள் பெண் பார்க்க வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை, காலையில் மருந்து விட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள். "பிரவுனியப் பொடக்காளியில கட்டிப்போட்டு நீ பக்கத்துலயே இரு கண்ணு. அவங்க வாரப்ப அது முன்னால வரக் கூடாது. உன்ற பொறுப்பு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் பின்பக்கம் தென்னைமரத்தில் கட்டி, சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கார் தெருமுனைக்கு வந்துவிட்டது என்று உள்ளே யாரோ சொன்னபோது, பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக அத்தை வந்தாள். கையில் மருந்துப் புட்டி.

"புடி கண்ணு, மருந்து விட்டரலாம்."

"காலையிலயே விட்டாச்சுங்களே அத்தை?"

"இன்னொருக்கா விட்டா சீக்கிரம் ஆறீரும்."

தலையைப் பிடித்தேன். மருந்தை விட்டு, காதை மூடிப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "சங்கிலி காதுல உரசுது, பாவம்" என்று கொக்கியைக் கழற்றினாள். "கழுத்துப்பட்டையப் புடிச்சுக்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் காதிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போய்விட்டாள்.

எட்டு வயதுக் கை ஒரு லாப்ரடாரை எத்தனை நேரம் பிடிக்கும்? பிரவுனி வாசலுக்கு ஒரே ஓட்டம். பையனின் அம்மா வலது காலை எடுத்துப் படியில் வைக்க, எதிரே போய் நின்று படபடவென்று காதை அடித்தது பாருங்கள், நிறுத்தவே இல்லை. அந்தம்மாவின் மாம்பழ நிறப் பட்டெல்லாம் கருப்புப் புள்ளி. போதாக்குறைக்கு நாற்றம் வேறு.

எங்கள் பக்கத்தில் என்ன நடந்தாலும் மரியாதை மட்டும் குறையாது. உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், காப்பியைத் தொடவில்லை. "ஊட்டுக்குப் போயிப் பேசிப்போட்டுச் சொல்லி உடறோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சொல்லி விடவேயில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. "ஒரு நாயப் பார்த்துக்கத் தெரியலையா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அம்மா படியைக் கழுவிக்கொண்டே அழுதாள். "சங்கிலிய அத்தைதான்..." என்று ஆரம்பித்து அத்தையைப் பார்த்தேன். அவள் ஆறிப்போன காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டையை விட்டது என் கைதானே என்று வாயை மூடிக்கொண்டேன். இனி அத்தைக்குக் கல்யாணமே ஆகாது, எல்லாம் என்னால்தான் என்று தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அத்தை அந்த வேலையிலேயே இருந்து மேலே வந்தாள். பல வருடம் கழித்து அவளே பார்த்துச் சொன்னவரைக் கட்டிக்கொண்டாள். இன்றும் பந்தியில் யாராவது என் பழைய கதையை எடுத்தால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விடுவாள். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போது நாய்க்காக அல்ல. படித்து, சம்பாதித்து, வாயைத் திறந்து "வேண்டாம்" என்று சொன்ன ஒருத்தியை மதிக்காத வீடு, ஒரு நாயின் சீழ்பிடித்த காது சொன்னதும் கேட்டுக்கொண்டதே, அதற்காக.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை வழக்கமான நேரத்துக்கு நான் மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்றுதான்.

"இன்னிக்குப் போதும் கண்ணு. ரெண்டு தரம் ஆயிப்போச்சு."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பிரவுனியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் நல்ல காதைத் தடவியபடியே இருந்தாள். என்னைப் பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. அங்கே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.