முப்பத்தெட்டுப் பல்

எங்கள் வீட்டில் யாராவது "பல்லு எத்தனை?" என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறந்து காட்ட மாட்டோம். மாமாவின் மோட்டார் சக்கரத்தைத்தான் திரும்பிப் பார்ப்போம். அந்த அளவுக்கு அவருடைய பைத்தியம் எங்களையும் பிடித்திருந்தது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. தோட்டத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் டிராக்டர் ஓட்டினார். நாங்கள் அம்பாங்கானில் குடியேறிப் பல காலமாகியும் அவர் மட்டும் தோட்டத்து லயத்துக் கடைசி வீட்டை விட்டு நகரவில்லை. காரணம், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகை. அங்கேதான் அவருடைய பந்தய மோட்டார் சைக்கிள் இருந்தது. நம் ஊரில் எல்லாரும் காய்கறி வாங்கப் பசாருக்குப் போக வைத்திருக்கும் அதே சின்னக் கப்சாய் வண்டிதான். ஆனால் மாமா அதன் விளக்கு, கண்ணாடி, பின்னிருக்கை எல்லாவற்றையும் கழற்றிவிட்டதால், இறகு பிடுங்கிய கோழியைப் போல நிற்கும்.

அப்பா லோரி எடுத்துக்கொண்டு ஜொகூர் பக்கம் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கொட்டகைச் சுவரில் ஆணியடித்துப் பல்சக்கரங்களை மாட்டி வைத்திருப்பார் மாமா. செயின் சுற்றி ஓடுமே, அந்தப் பின்சக்கரப் பற்கள். ஒவ்வொன்றிலும் பற்களின் எண்ணிக்கை வேறு. ஒருமுறை எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"பெருசு போட்டா இழுவை ஜாஸ்தி பாப்பா. பாய்ஞ்சு கெளம்பும். ஆனா சீக்கிரம் மூச்சு முட்டிரும், அதுக்கு மேல ஓடாது. சின்னது போட்டா நல்லா நீட்டி ஓடும், ஆனா கெளம்புறதுக்கு மூக்கால அழும். பந்தயம் மொத்தமே இருநூறு மீட்டர். கோட்டைத் தொடுற எடத்துல மூச்சும் சரியா முடியணும். முன்னாலயும் முடியக்கூடாது, மிச்சமும் இருக்கக்கூடாது."

எனக்குப் பாதிதான் புரிந்தது. மாமாவின் சங்கடம் மட்டும் முழுதாகப் புரிந்தது. அவர் கனமான மனிதர். அவரைச் சுமந்துகொண்டு கிளம்ப மோட்டார் திணறும். அதனால் வாரா வாரம் இன்னும் பெரிய பல்சக்கரமாகத் தேடிப் பிடித்து மாட்டுவார். கிளம்புவது சரியாகும், பாதி தூரத்திலேயே மோட்டாருக்கு மூச்சு முட்டும். அம்மா கொட்டகை வாசலில் நின்று சாமான்களை ஒரு பார்வை பார்ப்பார்.

"ராத்திரி ஒரு வேளை சோத்தைக் கொறைச்சா நாலு பல்லு கொறைக்கலாம்" என்பார்.

அம்மா நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். தினமும் மோட்டாரில்தான் போய்வருவார், சாலையின் இடது ஓரமாக, நான் பள்ளிக்கு நடந்து போவதைவிட மெதுவாக. மோட்டாரைப் பற்றி அவருக்கு அதற்கு மேல் ஏதாவது தெரிந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நீலாய்க்கு அப்பால் புது வீடமைப்புப் பகுதியில் போட்டு முடித்து இன்னும் திறக்காத நேர்ச்சாலை ஒன்றை அடைத்து, மோட்டார் கழகத்துக்காரர்கள் பந்தயம் வைத்தார்கள். மாமா பெயர் கொடுத்திருந்தார். மாமாவின் கூட்டாளி ஒருவர் வேனில் மோட்டாரை ஏற்றி வந்தார். நாங்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு பின்னால் போனோம்.

காலையில் பயிற்சி ஓட்டம். மாமா நாற்பது பல் மாட்டியிருந்தார். அழகாகத்தான் கிளம்பினார். பிறகு பாதி தூரத்துக்குக் கொஞ்சம் தாண்டியதும் எஞ்சின் உச்சக் குரலில் அலறியது. அலறியபடியே, அதற்கு மேல் வேகம் ஏறாமல் திணறியது. பக்கத்தில் ஓடியவன் சாவகாசமாக அவரைக் கடந்து போனான். அதோடு விட்டிருக்கலாம். திரும்பி வந்து மோட்டாரை நிறுத்தி, எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார் மாமா. அப்போது கால் ஊன்றிய இடத்தில் சரளைக்கல். நின்ற வண்டி நின்றபடியே சாய்ந்து அவருடைய இடது காலின் மேல் படுத்துக்கொண்டது.

எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்கால் பலாச்சுளை மாதிரி வீங்கிவிட்டது. கியர் மாற்றுவது இடது கால்தான்.

"விட்டுரு லா. அடுத்த தடவை பாக்கலாம்" என்றார் கூட்டாளி.

மாமா வேனின் படியில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆண்டு முழுக்க அந்தக் கொட்டகையில் கிடந்த மனிதர் அவர். எனக்கு அழுகை வந்தது.

அம்மா மோட்டாரின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்தார். செயினை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து விட்டார். பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"முப்பத்தாறு கொண்டாந்திருக்கியா?"

மாமா நிமிர்ந்தார். "இருக்கு. யாருக்கு?"

அம்மா விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். மாமா அவரையே பார்த்தார். மாமாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியதை நான் பார்த்தேன். வலியில் இருப்பவர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"பாப்பா, ஒங்கம்மாதான் எனக்கு மோட்டார் ஓட்டக் கத்துக்கொடுத்துச்சு, தெரியுமா? இந்தத் தோட்டத்துல அக்காவை முந்துன பய ஒருத்தன் கெடையாது."

எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

கூட்டாளி அலுவலர்களிடம் ஓடிப்போய், ஓட்டுநரை மாற்றலாமா என்று கேட்டு வந்தார். மாற்றலாம், பயிற்சியாக ஒரு தடவை ஓடிக் காட்ட வேண்டும் என்றார்கள். நாற்பது பல்லை அப்படியே வைத்துக்கொண்டு ஓடினால் என்ன என்று அம்மாவிடமும் கேட்டார்.

"தம்பிக்குப் போட்ட பல்லு. அதுல நான் ஒக்காந்தா முன்சக்கரம் வானத்தைப் பாக்கும்" என்றார் அம்மா.

முப்பத்தாறை மாட்டினார்கள். அம்மா மாமாவின் தோல் சட்டையைப் போட்டுக்கொண்டார். கைகள் விரல் நுனியையும் தாண்டித் தொங்கின. தலைக்கவசமும் பெரிது. துப்பட்டாவைத் தலையில் சுற்றி அதன் மேல் கவசத்தை அழுத்தினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பயிற்சி ஓட்டம் போய் வந்ததும் மாமா கேட்டார்.

"எப்டி?"

"கோடு தாண்டியும் மூச்சு மிச்சமிருக்கு. காத்து எதிர்ல வருது, தள்ளுது. இதைக் கழட்டு. முப்பத்தெட்டு போடு."

"முப்பத்தேழு இருக்கே."

"முப்பத்தெட்டு."

மாமா வீங்கிய காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவரே மாட்டினார். அம்மா பின்சக்கர அச்சை முன்னால் தள்ளிச் செயினைச் சரிசெய்தார். ஸ்பானர் கேட்காமலே கை மாறியது.

அம்மாவோடு ஓட வந்தவன் லோபாக்கைச் சேர்ந்த ஓர் இளைஞன். அவனுடைய மோட்டார் நகைக்கடை மாதிரி மின்னியது. நல்ல பையன்தான். "ஆண்ட்டி, பாத்துப் போங்க லா" என்று அக்கறையாகச் சொன்னான். அம்மா தலையாட்டினார்.

கிளம்பும் கோட்டில் விளக்கு மஞ்சள் காட்டியது. பச்சை.

முன்சக்கரம் தரையிலிருந்து ஒரு கையளவு எழும்பி, அதே உயரத்தில் நின்று, பூனை பாதம் வைப்பது போல இறங்கியது. அதற்குள் அம்மா தொலைவில் இருந்தார். மாமா பார்க்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு காதால் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கியரும் விழும்போதும் அவருடைய இடது கால் வலியோடு அசைந்தது. எஞ்சினின் குரல் ஏறியது. இன்னும் ஏறியது. எங்கேயும் முட்டவில்லை, எங்கேயும் தளரவில்லை. அந்தச் சத்தத்துக்குள் என் அம்மா இருக்கிறார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அது உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமா "ஆங்!" என்று கத்திக் கண்ணைத் திறந்தார். சரியாக அந்த நொடியில் அம்மா கோட்டைத் தாண்டினார். முன்னால். ஒரு மோட்டார் நீளம் முன்னால்.

அடுத்த சுற்றில் அம்மா தோற்றுப்போனார். அந்தச் சுற்றில் அவரோடு ஓடியவர் பல கோப்பைகள் வாங்கியவர். அரைச் சக்கரம்தான் வித்தியாசம் என்று மாமா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் எனக்கு மனத்தில் நிற்பது முதல் ஓட்டம் முடிந்த கையோடு நடந்தது.

லோபாக் பையன் திரும்பி வந்துவிட்டான். அம்மா வரவில்லை. சாலையின் மறுமுனையில், பிரேக் போட்டு நின்ற இடத்திலேயே, மோட்டாரின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாமாவால் நடக்க முடியாது. ஓடிப்போய்ப் பார் என்று என்னை அனுப்பினார். நான் புல் ஓரமாக மூச்சிரைக்க ஓடினேன்.

எஞ்சின் அணைந்திருந்தது. அம்மாவின் இரண்டு கைகளும் இன்னும் கைப்பிடியை விடவில்லை. கவசத்தின் கறுப்புக் கண்ணாடி மூடியிருந்தது. அதில் என் முகம் மட்டும் தெரிந்தது.

"அம்மா! நாம ஜெயிச்சிட்டோம்மா!"

தோல் சட்டைக்குள் அவருடைய தோள்கள் குலுங்கின.

"அடிபட்டுருச்சாம்மா?"

"இல்லடா." குரல் கவசத்துக்குள்ளிருந்து வந்தது. "ஒண்ணும் சரியாத் தெரியல. கண்ணாடியெல்லாம் தூசி."

நான் சட்டையின் ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு எக்கி நின்று துடைத்தேன்.

"இப்பத் தெரியுதா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் தொடைச்சு விடு."

அந்தக் கண்ணாடியில் தூசியே இல்லை. எங்கேதான் இருக்கிறது என்று தேடித் தேடி, வெளிப்பக்கத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தேன்.